வேலைல கை போச்சு, சம்பளமும் நின்னுபோச்சு: வீட்ட எப்படி ஓட்டறது

நாலு வருஷம் முன்னாடி கோயமுத்தூர்ல ஒரு பிரஸ் ஷாப்ல (தகட்ட அழுத்தி வெட்டற மிஷின் ஓடற இடம்) நைட் ஷிப்ட்ல என் இடது கைல ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போச்சு. அந்தக் கதைய சொல்ல வரலீங்க. அதுக்கப்புறம் எட்டு மாசம் வீட்ல உக்காந்திருந்தேன், அந்த எட்டு மாசத்துல பணத்துக்கு என்ன பண்ணேன், எதை முதல் வாரத்துலயே பண்ணியிருந்தா இவ்வளவு அல்லாடியிருக்க வேண்டாம்ங்கறதத்தான் எழுதறேன். இப்ப எங்க பக்கம் யாருக்கு அடிபட்டாலும் எனக்குத்தான் போன் வருது, ஒரே விஷயத்த திரும்பத் திரும்ப சொல்லிட்டு இருக்கேன்.

எல்லாத்துக்கும் முன்னாடி ஆஸ்பத்திரி. அடிபட்டு கொண்டு போறப்ப கூட ஒரு சூப்பர்வைசர் வருவாரு, வண்டிலயே காதுல சொல்லுவாரு, "வீட்ல கிரைண்டர்ல கை மாட்டிக்கிச்சுன்னு சொல்லிரு தம்பி, செலவு பூரா ஓனர் பாத்துக்குவாரு"ன்னு. எனக்கும் சொன்னாங்க. வலில அந்த நேரத்துல எதையும் தலையாட்டத்தான் தோணும், ஆனா அங்க டாக்டர் எழுதற அந்த ஒரு வரிதான் பின்னாடி உங்களுக்கு வரவேண்டிய பணம் மொத்தத்தையும் தீர்மானிக்குது. வேலைல, இந்த மிஷின்ல, இத்தனை மணிக்குன்னு உள்ளதை உள்ளபடி சொல்லுங்க. உங்களால பேச முடியலைன்னா வீட்டுக்காரம்மாவோ அண்ணன் தம்பியோ பக்கத்துல நின்னு சொல்லணும். ஏ.ஆர். காப்பி, அதாவது ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேட்டோட நகல், கேட்டு வாங்கி போட்டோ எடுத்து ரெண்டு மூணு பேருக்கு வாட்ஸ்அப்ல அனுப்பி வச்சிருங்க, பேப்பர் தொலைஞ்சாலும் அது இருக்கும். கூட வேலை செஞ்சவங்க ரெண்டு பேர் பேரும் நம்பரும் அன்னைக்கே குறிச்சுக்கோங்க, ஏன்னா ஒரு மாசம் போனா அதே ஆளுங்க "நான் அந்தப் பக்கம் இருந்தேன்ணா, பாக்கல"ம்பாங்க, அவங்களையும் குத்தம் சொல்ல முடியாது, அவங்களுக்கும் அங்கதான் சோறு.

அடுத்து உங்க சம்பளத்துல இ.எஸ்.ஐ. (அரசோட தொழிலாளர் காப்பீடு) பிடிக்கறாங்களான்னு பாருங்க. 10 பேரோ அதுக்கு மேலயோ வேலை செய்யற இடம், மாசம் 21,000 ரூபாய்க்குள்ள சம்பளம்னா இ.எஸ்.ஐ. இருந்தாகணும். நம்ம கைல இருந்து 0.75 பர்சன்ட், கம்பெனி 3.25 பர்சன்ட். இந்த 21,000 கணக்குல ஓ.டி. சேராது, அதனால ஓ.டி.யோட சேத்து 23,000 வாங்கறேன் எனக்கு இல்லைன்னு நீங்களா முடிவு பண்ணிக்காதீங்க. காண்ட்ராக்டர் மூலமா போறவங்களுக்கும் உண்டு.

நிறைய பேர் இ.எஸ்.ஐ.ன்னா மாத்திரை வாங்கற இடம்னு மட்டும் நினைச்சுட்டு இருக்காங்க. சாதாரண காய்ச்சலுக்கு லீவு போட்டா சம்பளத்துல 70 பர்சன்ட், வருஷத்துக்கு 91 நாள் வரைக்கும்தான், அதுக்கும் முன்னாடி இத்தனை நாள் பணம் கட்டியிருக்கணும்னு கண்டிஷன் இருக்கு. வேலைல அடிபட்டா அது வேற கணக்கு. சராசரி நாள் சம்பளத்துல 90 பர்சன்ட், எத்தனை நாள் வேலைக்குப் போக முடியாதுன்னு இ.எஸ்.ஐ. டாக்டர் எழுதறாரோ அத்தனை நாளும். இத்தனை நாள் பணம் கட்டியிருக்கணும்ங்கறதும் கிடையாது, சேந்த முதல் நாளே அடிபட்டாலும் உண்டு. நாள் சம்பளம் 500ன்னா 450 ரூபா. வேலைக்குப் போற வழில, இல்ல திரும்பி வர்ற வழில வண்டில அடிபட்டாலும் நேரமும் பாதையும் சரியா இருந்தா அதையும் வேலை விபத்தாதான் எடுத்துக்குவாங்க.

இது வரணும்னா கம்பெனி விபத்து ரிப்போர்ட் அனுப்பணும், படிவம் 12ம்பாங்க. என் கம்பெனில அதை அனுப்பாம இழுத்தடிச்சாங்க, இன்னைக்கு நாளைக்குன்னு ஒன்றரை மாசம். அப்புறம் ஒரு யூனியன் அண்ணன் சொன்னாரு, நீயே நேரா இ.எஸ்.ஐ. கிளை ஆபீசுக்குப் போய் எழுத்துல குடு, ஏ.ஆர். காப்பிய வச்சு குடுன்னு. குடுத்தேன், அவங்க கம்பெனிய கேட்டாங்க, ரிப்போர்ட் ஒரு வாரத்துல போச்சு. அந்த ஒன்றரை மாசம் நான் வெறுமனே காத்துட்டு இருந்தது என் தப்பு. கம்பெனி உங்க பேர்ல பணம் பிடிச்சுட்டு கட்டவே இல்லைன்னாலும் பயப்படாதீங்க, இ.எஸ்.ஐ. உங்களுக்குக் குடுத்துட்டு கம்பெனிகிட்ட வசூல் பண்ணிக்க சட்டத்துல வழி இருக்கு. இந்தப் பணம் வாங்கிட்டு இருக்கற காலத்துல உங்களை வேலைய விட்டு எடுக்கவும் கூடாது.

லீவு சர்டிபிகேட்ட இடைவெளி விடாம வாங்கிட்டே இருங்க. ஒரு வாரம் போகாம விட்டா அந்த வாரத்துக் காசு தகராறுதான். அதே நேரத்துல பக்கத்து கடைல உக்காந்து கல்லாவ பாத்துக்கறேன் அப்படி இப்படின்னு எங்கயாச்சும் கூலி வாங்கினா அது பெரிய சிக்கல் ஆயிரும், வேலை செய்ய முடியலைன்னு சொல்லித்தான அந்தப் பணம் வருது.

இன்னொரு விஷயம், மனசு எரியற விஷயம். சம்பளம் 16,000 குடுப்பாங்க, இ.எஸ்.ஐ.ல 9,000ன்னு காட்டியிருப்பாங்க, மீதி கவர்ல. நம்மளும் பிடித்தம் கம்மின்னு சந்தோஷமா இருந்திருப்போம். அடிபட்டா 90 பர்சன்ட் அந்த 9,000க்குத்தான் வரும்.

காயம் ஆறினதுக்கப்புறம் மெடிக்கல் போர்டு. எவ்வளவு சம்பாதிக்கற சக்தி போச்சுன்னு பர்சன்ட் போடுவாங்க. ஒரு கைல ரெண்டு விரல் போனா அட்டவணைப்படி 20, மூணு விரல் போனா 30, நாலு விரல் 50, கட்டைவிரல் ஒண்ணு மட்டும் போனாலே 30, கையே போனா 60. எனக்கு 20. அந்த 450ல 20 பர்சன்ட், அதாவது நாளைக்கு 90 ரூபா, மாசம் 2,700, ஆயுசு முழுக்க. நீங்க வேற வேலைக்குப் போய் சம்பாதிச்சாலும் இது நிக்காது. சின்னக் காசுதான், ஆனா எங்க வீட்ல கரண்ட் பில்லும் கேஸும் அதுலதான் ஓடுது. போர்டு போட்ட பர்சன்ட் கம்மின்னு தோணுச்சுன்னா அப்பீல் இருக்கு, விட்டுடாதீங்க.

சரி, இ.எஸ்.ஐ.யே இல்லை, ஆறு பேர் வேலை செய்யற பட்டறை, இல்ல கட்டட வேலைன்னா? அப்ப ஓனர்தான் நஷ்டஈடு குடுக்கணும். 1923ல இருந்து இதுக்கு சட்டம் இருக்கு. (2025 நவம்பர் 21ல சமூகப் பாதுகாப்பு கோடுன்னு (Code) ஒரு புதுச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்து அந்த சட்டமும் இ.எஸ்.ஐ. சட்டமும் அதுக்குள்ள போயிருச்சு, விபத்து நடந்த தேதிய வச்சு எதுல போடணும்னு வக்கீல் பாத்துக்குவாரு, கணக்கு போடற முறை அதேதான்.) இ.எஸ்.ஐ. இருக்கறவங்க இதைக் கேக்க முடியாது, ரெண்டுல ஒண்ணுதான்.

கணக்கு எப்படின்னா, மாச சம்பளத்துல 60 பர்சன்ட், அதை வயசுக்கு ஒரு நம்பர் இருக்கு அதால பெருக்கணும், அப்புறம் உங்க ஊனத்தோட பர்சன்ட். சம்பளம் எவ்வளவு இருந்தாலும் கணக்குக்கு 15,000 வரைதான் எடுப்பாங்க, 2020 ஜனவரில இருந்து அப்படி. 30 வயசுக்கு அந்த நம்பர் 207.98, 40 வயசுக்கு 184.17. 30 வயசுப் பையன், 15,000 சம்பளம், ரெண்டு விரல் போச்சுன்னா: 9,000 பெருக்கல் 207.98, அது 18,71,820. அதுல 20 பர்சன்ட் 3,74,364 ரூபா. இந்த நம்பர மனசுல வச்சுக்கோங்க. ஏன்னா பத்தாவது நாள் ஓனர் வீட்டுக்கு ஆப்பிள், ஹார்லிக்ஸ் எல்லாம் வாங்கிட்டு வந்து ஐம்பதாயிரத்த கைல வச்சு ஒரு பேப்பர்ல கையெழுத்து கேப்பாரு. நல்ல மனுசனாவே இருக்கலாம், நான் இல்லைங்கல. பணத்த வாங்கிக்கோங்க, வேணாம்னு சொல்ற நிலைமைல யாரும் இல்ல, ஆனா "முழுசா தீர்ந்தது, இனி எதுவும் கேக்க மாட்டேன்"னு எழுதின பேப்பர்ல கையெழுத்து வேண்டாம். சட்டப்படி அப்படி உரிமைய விட்டுக்குடுத்து எழுதினது செல்லாதுதான், இருந்தாலும் கேஸ்ல அதை நீட்டி வருஷக்கணக்கா இழுப்பாங்க. ஆஸ்பத்திரிச் செலவு இந்த நஷ்டஈட்டுல சேராது, அது தனியா ஓனர் குடுக்கணும், பில் எல்லாம் எடுத்து வைங்க. காயம் ஆறி வேலைக்குப் போற வரைக்கும் 15 நாளுக்கு ஒருக்க மாச சம்பளத்துல 25 பர்சன்ட்டும் உண்டு.

ஒரு மாசத்துக்குள்ள குடுக்கலைன்னா 12 பர்சன்ட் வட்டி, சரியான காரணம் இல்லாம இழுத்தா 50 பர்சன்ட் வரைக்கும் அபராதம் போடலாம். விபத்து நடந்து ரெண்டு வருஷத்துக்குள்ள தொழிலாளர் துறைல மனு போட்டாகணும். வக்கீலுக்குக் காசு இல்லையேன்னு உக்கார வேண்டாம், மாவட்ட கோர்ட்லயே இலவச சட்ட உதவி மையம் இருக்கு, தொழிலாளின்னாலே அதுக்குத் தகுதி, 15100க்கு போன் பண்ணலாம். கைல சம்பளம் வாங்கற ஆளா இருந்தா சம்பளத்துக்கு ஆதாரம் கேப்பாங்க, பாஸ்புக், ஜிபே மெசேஜ், டைரில எழுதி வச்ச கணக்கு எது கெடச்சாலும் சேத்து வைங்க.

"சென்சார நீதான ஆஃப் பண்ணே, உன் தப்பு"ன்னு சொல்லுவாங்க. கை உள்ள இருந்தா மிஷின நிறுத்தற சென்சார் அது, பீஸ் கணக்கு ஏறணும்னு அதை ஆஃப் பண்ணச் சொன்னது யாருன்னு எல்லாருக்கும் தெரியும். இ.எஸ்.ஐ.ல கம்பெனி வேலைக்காக செஞ்சப்ப அடிபட்டிருந்தா விதிமுறை மீறினேன்ங்கறதுக்காக மட்டும் பணத்த நிறுத்த முடியாது. ஓனர் குடுக்கற நஷ்டஈட்டுல இந்த வாதம் எடுபட வாய்ப்பு இருக்கு, அதனாலதான் அந்த ரெண்டு சாட்சி.

இதெல்லாம் வர்றதுக்குள்ள வீடு ஓடணுமே. எனக்கு அந்த முதல் ரெண்டு மாசம்தான் பெரிய கண்டம். பாஸ்புக்க எடுத்து மே கடைசி, ஜூன் முதல் வாரத்துல 20 ரூபா பிடிச்சிருக்காங்களான்னு பாருங்க, அது பிரதம மந்திரி சுரக்ஷா பீமா. ஒரு கையோ ஒரு காலோ ஒரு கண்ணோ முழுசா போனா 1 லட்சம், ரெண்டும் போனா 2 லட்சம். விரலுக்கு வராது, நான் கேட்டுப் பாத்துட்டேன். சீக்கிரமா பேங்க்ல எழுதிக் குடுத்துருங்க. பி.எஃப். இருந்தா மருத்துவக் காரணம் காட்டி அட்வான்ஸ் எடுக்கலாம், மொத்தத்தையும் வழிச்சு எடுக்காதீங்க. இனிமே எந்த வேலையுமே செய்ய முடியாத அளவுக்கு ஊனம்னா பத்து வருஷம் சர்வீஸ் இல்லாட்டியும் பி.எஃப்.ல பென்ஷன் உண்டு, இது நிறைய பேருக்கு தெரியறதில்ல.

கடன்ல எதை முதல்ல கட்டறது? என் கணக்கு இதுதான். அரிசி பருப்பு, வாடகை, பிள்ளைங்க ஸ்கூல், அப்புறம் அடகு நகைக்கு வட்டி, அப்புறம் குழுக் கடன், போன் வாங்கின தவணையும் கிரெடிட் கார்டும் கடைசி. குழுல இருக்கறவங்ககிட்ட முதல் வாரமே போய் ஆஸ்பத்திரி பேப்பர காட்டி சொல்லிட்டோம், என் வீட்டுக்காரி பண்ணின புத்திசாலித்தனமான காரியம் அது, நானா இருந்தா வெக்கப்பட்டு மறைச்சிருப்பேன். மைக்ரோ பைனான்ஸ் ஆளுங்க காலைல 9 மணிக்கு முன்னாடியும் சாயங்காலம் 6 மணிக்கு மேலயும் வசூலுக்கு வரவோ போன் பண்ணவோ கூடாதுன்னு ரிசர்வ் பேங்க் விதி இருக்கு, மரியாதையா சொல்லிப் பாருங்க. ஏலச் சீட்டு இன்னும் எடுக்கலைன்னா சீட்டு நடத்தறவர்கிட்ட பேசி தள்ளுபடி பாக்காம எடுத்துருங்க, அந்தத் தள்ளுபடி கந்து வட்டிக்கு எவ்வளவோ தேவலை. நாங்க ஒரு ஜோடி காதுத் தோட வித்து அந்தக் காச வச்சு அடகுல இருந்த ஆரத்த மீட்டோம். ரெண்டுக்கும் வட்டி கட்டி ரெண்டையும் ஏலத்துல விடறதுக்கு அது மேல். பத்து வட்டிக்காரன்கிட்ட மட்டும் போகாதீங்க, அடிபட்டவன் வீட்டு அட்ரஸ் அவனுங்களுக்கு எப்படியோ தெரிஞ்சுருது, தானாவே வருவானுங்க.

ஊனம் 40 பர்சன்ட்டோ அதுக்கு மேலயோன்னா மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு எழுதிப் போடுங்க, கலெக்டர் ஆபீஸ்ல அதுக்குன்னு பிரிவு இருக்கு. இ.எஸ்.ஐ. போர்டு போட்ட பர்சன்ட்டும் இந்த அட்டைக்கு டாக்டர் போடற பர்சன்ட்டும் ஒண்ணா இருக்காது, குழப்பிக்காதீங்க. நிரந்தர ஊனத்தால வேலைய விட்டுட்டீங்கன்னா வருஷத்துக்கு 120 ரூபா கட்டி உங்களுக்கும் வீட்டுக்காரம்மாவுக்கும் இ.எஸ்.ஐ. வைத்தியத்த தொடரலாம்.

நான் இப்ப பிரஸ்ல இல்லை, ஸ்டோர்ஸ்ல இருக்கேன், சம்பளம் மூவாயிரம் கம்மி. பழைய வேலைக்கே திரும்பக் கூப்பிட்டாங்க, மிஷின் சத்தம் கேட்டாலே கை தானா பின்னாடி போகுது, வேணாம்னுட்டேன். மாசாமாசம் அந்த 2,700 வந்துருது. அதுக்கும் ஒரு பேப்பர் இருக்கு, ஆள் உயிரோடதான் இருக்கான்னு சர்டிபிகேட் குடுக்கணும், குடுக்கலைன்னா பணம் நின்னுரும். ஒரு தடவை மறந்து நின்னுபோச்சு, நேர்ல போய் நின்னு, நான்தாங்க, இருக்கேன்னு சொல்லி எழுதிக் குடுத்துட்டு வந்தேன். காலண்டர்ல குறிச்சு வச்சுக்கோங்க.