வீட்டில் யோகா: முதல் மாதத்துக்கு ஏழு ஆசனங்கள்

ஆறடிக்கு மூன்றடி இடம் போதும். கைகளைப் பக்கவாட்டில் விரித்தால் பீரோவோ கட்டிலோ இடிக்கக் கூடாது, அவ்வளவுதான். டைல்ஸ் தரையில் ஜமுக்காளம் வழுக்கும். அதனால் நின்று செய்பவற்றை வெறுந்தரையில் வெறுங்காலோடு செய்துவிட்டு, படுத்துச் செய்பவற்றுக்கு மட்டும் அதை விரியுங்கள். வேட்டியும் நைட்டியும் காலில் சிக்கும்.

வயிறு காலியாக இருக்க வேண்டும். முழுச் சாப்பாட்டுக்குப் பிறகு 4 மணி நேரமாவது கழியட்டும். காலைக்கடன் முடித்து, காபிக்கு முன்னால் செய்வது எல்லாவற்றிலும் சுலபம். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் செய்வதைவிட, தினமும் 20 நிமிடம் செய்வதையே நாங்கள் சொல்வோம்.

ஆசனத்தைவிட மூச்சை முதலில் கவனியுங்கள். சென்னையில் பல்லாண்டு கற்பித்து 1989இல் மறைந்த டி. கிருஷ்ணமாச்சாரியார் வலியுறுத்தியதும் இதைத்தான்: அசைவு மூச்சோடு சேர்ந்தே நடக்க வேண்டும். கை உயரும்போது, மார்பு விரியும்போது உள்மூச்சு. குனியும்போது, திரும்பும்போது வெளிமூச்சு. இரண்டும் மூக்கு வழியாகத்தான். மூச்சு திணறினாலோ தானாக அடக்கிக்கொண்டாலோ உடம்பு தாங்குவதைத் தாண்டிவிட்டீர்கள். பாதி தூரம் திரும்பி வாருங்கள்.

முதலில் தாடாசனம். பாதங்களைச் சற்று அகட்டி நின்று, மூச்சை இழுத்தபடி கைகளை மேலே தூக்கி, விட்டபடி இறக்குங்கள். 6 முறை.

அடுத்து திரிகோணாசனம். கால்களை மூன்றடி அகட்டி, வலது பாதத்தை முழுதாக வெளிப்பக்கம் திருப்பி, இடது பாதத்தைச் சற்றே உள்பக்கம் திருப்பி, வலப்பக்கம் சாயுங்கள். கை தரையைத் தொட வேண்டியதில்லை. தரையைத் தொடும் ஆசையில்தான் மார்பு தரையைப் பார்த்துக் கவிழ்ந்துவிடுகிறது. முழங்காலுக்குக் கீழே கெண்டைக்காலிலோ, ஒரு முக்காலியின் மேலோ கையை வையுங்கள். 5 மூச்சு நின்று, மறுபக்கம்.

உத்தானாசனம், அதாவது நின்று முன்னால் குனிவது, அதிகம் தவறாகச் செய்யப்படுகிறது. தொடையின் பின்தசைகள் இடுப்பெலும்பின் அடிப்பகுதியில் பிணைந்திருக்கின்றன. நாற்காலியிலேயே நாள் முழுக்க உட்காருபவர்களுக்கு அவை இறுகியிருக்கும். முழங்காலை விறைப்பாக வைத்துக் குனிந்தால் இடுப்பு சுழல மறுக்கும், கீழ்முதுகு மட்டும் வளையும். முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள தட்டுகளில் (டிஸ்க்) அழுத்தம் ஏறும். முழங்காலைத் தாராளமாக மடக்குங்கள். வயிறு தொடையைத் தொடட்டும், தலை தொங்கட்டும். பின்தொடையின் நடுவில் இழுத்தால் சரி. முழங்காலுக்குப் பின்னாலோ உட்காரும் எலும்பருகிலோ சுருக்கென்றால் உடனே விட்டுவிடுங்கள். எழும்போது மெதுவாக எழுந்தால் தலை சுற்றாது.

குப்புறப் படுத்து புஜங்காசனம். உள்ளங்கைகள் மார்புக்குப் பக்கத்தில், முழங்கைகள் மடிந்தபடி. கையை ஊன்றித் தள்ளாமல் முதுகுத் தசையாலேயே மார்பைத் தூக்குங்கள். தோள் காதை நோக்கி ஏறினாலோ இடுப்பில் குத்தினாலோ பாதி உயரம் போதும். 4 முறை ஏறி இறங்கியதும் பாலாசனத்தில் குதிகால் மேல் உட்கார்ந்து முன்னால் மடங்கி 8 மூச்சு இருங்கள். பின்னால் வளைந்ததை ஈடுகட்டும் எதிர் ஆசனம் அது. முட்டி வலிப்பவர்கள் தொடைக்கும் கெண்டைக்காலுக்கும் நடுவே மடித்த போர்வை வைக்கலாம்.

மல்லாந்து படுத்து பவனமுக்தாசனம்: மூச்சை விட்டபடி முழங்கால்களை மார்போடு அணையுங்கள், 6 முறை.

பிறகு சவாசனம், அதாவது மல்லாந்து அசையாமல் படுத்திருப்பது, 5 நிமிடம். நேரமில்லை என்று பலரும் வெட்டுவது இதைத்தான். வேறொரு ஆசனத்தை வேண்டுமானால் விடுங்கள், இதை விடாதீர்கள். இடுப்புவலி இருந்தால் முழங்காலுக்கு அடியில் தலையணை. எழும்போது பக்கவாட்டில் புரண்டு, கை ஊன்றி எழுங்கள்.

கடைசியில் நிமிர்ந்து உட்கார்ந்து நாடி சுத்தி என்னும் மூச்சுப் பயிற்சி, 6 சுற்று. வலது கட்டைவிரலால் வலது நாசியை மூடி இடதில் இழுத்து, மோதிரவிரலால் இடதை மூடி வலதில் விடுங்கள். வலதில் இழுத்து இடதில் விட்டால் ஒரு சுற்று. மூச்சை அடக்க வேண்டாம்.

கர்ப்பிணிகள், ரத்த அழுத்தம், கண் அழுத்த நோய் (குளுக்கோமா), தட்டு விலகல் உள்ளவர்கள் தொடங்கும் முன்பே மருத்துவரைக் கேளுங்கள்.

ஒரு மாதம் வரிசையை மாற்றாதீர்கள். அதன்பின் தாடாசனத்தை அடுத்து 3 சுற்று சூரிய நமஸ்காரம் சேர்க்கலாம். தலைகீழாகச் செய்யும் சிரசாசனத்தையும் சர்வாங்காசனத்தையும் வீடியோ பார்த்து முயல வேண்டாம். கழுத்து பாரம் தாங்கும் விதத்தை ஆசிரியர் ஒருவர் நேரில் பார்த்துத் திருத்த வேண்டும்.