உட்கார வச்ச பிறகுதான் அப்பம் வந்துச்சு: பைபிள்ல ஒழுங்கும் போஷிப்பும் சேர்ந்து வர்ற இடங்களை வாசிக்கிறது எப்படி

முதல்லயே சொல்லிடுறேன், இந்த வசனத்தை ஏழு தடவ அறிக்கை பண்ணா கடன் தீரும்ங்கிற டைப் குறிப்பு இல்ல இது. அது வேணும்னா தினமும் காலையில வாட்ஸ்அப்ல தானா வரும், அங்க பாத்துக்கோங்க. இது வேற. தேவன் ஜனங்களுக்கு சாப்பாடு குடுத்தார்னு வர்ற இடத்துலல்லாம் அதுக்குப் பக்கத்துலயே ஒரு ஏற்பாடு இருக்கும், அளவு இருக்கும், வரிசை இருக்கும், நம்ம அத தாண்டிப் போய் அற்புதத்துல மட்டும் நின்னுடுறோம். அந்த ஏற்பாட்டை நின்னு வாசிக்கிறது எப்படின்னு எனக்குத் தெரிஞ்சத சொல்றேன்.

மாற்கு 6:30-44ல ஆரம்பிங்க. விளக்கவுரை எதையும் திறக்காதீங்க, ஒரு பழைய நோட்டு போதும். ஒரு தடவ சத்தமா வாசிச்சுட்டு இத எழுதுங்க: யாருக்கு என்ன இல்ல, கையில என்ன இருந்துச்சு, என்ன ஏற்பாடு பண்ணச் சொன்னார், யார் கை வழியா போச்சு, மிச்சம் என்ன ஆச்சு. கடைசியா ஒரு கேள்வி, இதுதான் முக்கியம்: இந்த ஏற்பாடு மட்டும் இல்லன்னா யாருக்கு கிடைக்காம போயிருக்கும்?

அந்த கடைசி கேள்விக்கு நம்ம திருநெல்வேலிக்காரங்களுக்கு பதில் ஈஸியா வரும், ஏன்னா நம்ம அசனம், அதாவது சபை கூடி எல்லாருக்கும் போடுற விருந்து, பாத்து வளந்தவங்க. முந்தின நாள் சாயங்காலமே கோயில் காம்பவுண்டுல அடுப்பு வெட்டி, ராத்திரி பூரா அண்ணாச்சிமாரு தூங்காம கிண்டி, விடிஞ்சதும் சோத்தை பாய்ல குவிச்சு வச்சிருப்பாங்க, ஐயர் (நம்ம சபை போதகரத்தான் அப்படி சொல்வோம்) வந்து ஜெபம் பண்ணுவார், அதுக்கு அப்புறம்தான் பந்தி. கறியோ சாம்பாரோ அது அந்தந்த ஊர் வழக்கம். வாசல்ல ஒருத்தர் நின்னு ஒரு பந்தி எந்திரிச்ச பிறகுதான் அடுத்த ஆட்களை விடுவார், எல்லாரும் அவரைத்தான் ஏசுவாங்க. ஆனா அவரு மட்டும் இல்லன்னா தள்ளிட்டுப் போக தெம்பு உள்ளவன் ரெண்டு தடவ சாப்பிட்டிருப்பான், கைப்பிள்ளையோட நிக்கிற அக்காவுக்கும் கம்பு ஊணி வந்த தாத்தாவுக்கும் வெறும் சோறுதான் மிஞ்சியிருக்கும்.

இப்ப மாற்குக்கு திரும்ப வாங்க. சீஷர்கள் இருநூறு பணத்துக்கு அப்பம் வாங்கணுமான்னு கணக்கு போடுறாங்க. இயேசு அந்த கணக்குக்குள்ள போகவே இல்ல, உங்ககிட்ட எத்தன இருக்கு, போய் பாருங்கங்கிறார். அஞ்சு அப்பம், ரெண்டு மீன். அடுத்து பசும்புல்லின்மேல் பந்திபந்தியாக உட்கார வைக்கச் சொல்றார், நூறுநூறு பேரா ஐம்பதைம்பது பேரா உட்காருறாங்க. அப்புறம்தான் அப்பத்தை எடுத்து ஆசீர்வதிச்சு பிட்டுக் குடுக்குறார், அதுவும் ஜனங்க கையில நேரா இல்ல, சீஷர்கள் கையில. சாப்பிட்டது புருஷர்கள் மட்டும் ஏறக்குறைய 5000 பேர், ஸ்திரீகளும் பிள்ளைங்களும் அதுபோகன்னு மத்தேயு சொல்றார், மிச்சம் 12 கூடை. யோவான் 6லயும் இதே சம்பவம்தான், அங்க ஒண்ணும் சேதமாய்ப் போகாதபடிக்கு துணிக்கைகளை சேர்த்து வைக்கச் சொல்றார். இம்புட்டு அப்பத்தை உண்டாக்கத் தெரிஞ்சவர் எதுக்கு துண்டு துக்காணிய பொறுக்கச் சொல்லணும்? இதுக்கு உடனே பதில் எழுதிடாதீங்க, ஒரு வாரம் அப்படியே மனசுல கிடக்கட்டும்.

அடுத்தது யாத்திராகமம் 16, இத அவசரமா வாசிச்சா வீண். வனாந்தரத்துல இஸ்ரவேலருக்கு வானத்துல இருந்து வந்த சாப்பாடுதான் மன்னா, அது தலைக்கு ஒரு ஓமர், அதாவது எப்பாங்கிற அளவுல பத்துல ஒரு பங்கு, இப்போதைய கணக்குல ஏறக்குறைய ரெண்டு லிட்டர். காலையில பொறுக்கணும், வெயில் ஏறினா உருகிடும். மறுநாளைக்குன்னு பதுக்கி வச்சது புழு பிடிச்சு நாறிடுச்சு, ஆனா ஆறாம் நாள் ரெண்டு ஓமர் எடுத்து ஓய்வுநாளுக்கு வச்சது நாறவே இல்ல. அதே மன்னாதான், அதே பாத்திரமாத்தான் இருக்கும், ஒண்ணு பயத்துல வச்சது, ஒண்ணு சொன்னபடி வச்சது. 18ம் வசனத்துக்கு அடியில கோடு போடுங்க, மிகுதியா சேர்த்தவனுக்கு மீதி இல்ல, கொஞ்சமா சேர்த்தவனுக்கு குறைவும் இல்ல. பவுல் 2 கொரிந்தியர் 8ல எருசலேம் பரிசுத்தவான்களுக்கு (அங்க இருந்த ஏழை விசுவாசிகளுக்கு) உதவி கேக்கும்போது இந்த வசனத்தைத்தான் எடுக்குறார், அதாவது வனாந்தரத்துல ஓமர் பண்ண வேலையை இப்ப சபை பண்ணணும்ங்கிறார், காணிக்கைய பத்தி இதவிட நேரடியா ஒருத்தர் சொல்ல முடியுமான்னு எனக்குத் தெரியல.

மன்னா எப்ப நின்னுச்சுன்னும் பாருங்க, நிறைய பேர் அங்க போறதே இல்ல. யோசுவா 5:12, கானானோட தானியத்தை சாப்பிட்ட மறுநாளே நின்னுடுச்சு. 40 வருஷம் வானத்துல இருந்து வந்தது நின்னு வயல்ல இருந்து வர ஆரம்பிக்குது. கார், பிசானம்னு ரெண்டு போக நெல் அறுப்பும் அவர் குடுக்கிறதுதாம்னு நம்ம அறுப்பின் பண்டிகையில வாழைத்தாரையும் நெல்லையும் கொண்டுவந்து வச்சு ஏலம் போடுறது சும்மா கூத்துக்கு இல்ல.

அந்த ஓமர் கணக்க மனசுல வச்சுக்கிட்டு ரூத் 2க்கு போங்க. வயலோட ஓரத்தை முழுக்க அறுக்காத, சிந்தின கதிரைப் பொறுக்காத, அது எளியவனுக்கும் பரதேசிக்கும் (வேற தேசத்துல இருந்து வந்தவனுக்கும்)னு லேவியராகமம் 19ல சட்டம் இருக்கு. ரூத் மோவாப் தேசத்துல இருந்து வந்த விதவை, எளியவளும்தான் பரதேசியும்தான். சாயங்காலம் தட்டி அளந்தா ஏறக்குறைய ஒரு எப்பா வாற்கோதுமை, மன்னா கணக்குல பாத்தா பத்து பேரோட ஒருநாள் பங்கு. வயலுக்குச் சொந்தக்காரர் போவாஸ் நல்ல மனுஷன்தான், வேணும்னே கதிரை சிந்த விடச் சொல்றார், ஆனா அவர் நல்லவரா இல்லாட்டியும் அந்த ஓரம் அவளுக்கு உண்டு. தர்மத்துக்கும் ஒழுங்குக்கும் உள்ள வித்தியாசம் இங்கதான் பளிச்சுன்னு தெரியுது.

சாறிபாத் விதவை (1 இராஜாக்கள் 17) பத்தி ஒரு எச்சரிக்கை. முதல்ல எனக்கு ஒரு சிறிய அடை பண்ணிக் கொண்டுவான்னு எலியா தீர்க்கதரிசி பஞ்ச காலத்துல அவகிட்ட கேட்ட இடத்தை மட்டும் வெட்டி எடுத்து, இல்லாத வீட்டுல இருந்து காணிக்கை கறக்கிறவங்க இருக்காங்க. முழுசா வாசிங்க. அவளும் அவரும் அவ வீட்டாரும் அநேகநாள் சாப்பிட்டாங்க, பானையில மா செலவழியல, கலசத்துல எண்ணெய் குறையல. ஒரு பங்கு முதல்ல போச்சு, வீடு பட்டினி கிடக்கல. இது நம்ம ஆச்சிமாருக்கு நல்லாவே தெரியும், உலைக்கு அரிசி அளந்ததும் களையுறதுக்கு முன்னாடி ஒரு கைப்பிடி எடுத்து தனி டப்பாவுல போடுறது, ஞாயித்துக்கிழமை கோயிலுக்கு கொண்டு போறது. சாப்பிட்டு மிஞ்சினா போடுவோம்னு வச்சிருந்தா அந்த டப்பா ஒருநாளும் நிறைஞ்சிருக்காது. வாசிக்கிறத வீட்டுல ஒரு பழக்கமா மாத்தணும்னா இத விட சின்னதா எதுவும் எனக்கு தோணல, பேச்சிலரா ரூம்ல இருக்கிறவங்க அரிசிக்கு பதிலா ஜிபேல கூட பண்ணலாம், தப்பில்ல.

அதே அதிகாரம் 7ம் வசனத்தையும் விட்டுடாதீங்க. சொன்ன பேச்ச கேட்டு கேரீத் ஆத்தங்கரையில உக்காந்திருந்த எலியாவுக்கே தண்ணி வத்திடுச்சு, தேசத்துல மழை இல்ல, அவ்வளவுதான் காரணம், அவர் ஒரு தப்பும் பண்ணல. ராதாபுரம் சாத்தான்குளம் பக்கம் குளம் வறண்டு கிடக்கிற வருஷத்துல ஒரு குடும்பத்தைப் பாத்து உங்க வாழ்க்கையில ஒழுங்கு இல்ல அதான் ஆசீர்வாதம் இல்லன்னு சொல்ற பிரசங்கம் இந்த வசனத்துக்கு முன்னாடி நிக்காது. ஆபகூக் 3:17-18ல அத்திமரம் துளிர்க்கல, கிடையில மந்தையும் இல்ல, அந்த மனுஷன் இன்னும் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாத்தான் இருக்கான். ஒழுங்கு உண்டுன்னா வரவு உண்டுன்னு சூத்திரம் போட ஆரம்பிச்சா இந்த ரெண்டு இடத்தையும் எடுத்து வாசிங்க.

நம்பர் பின்னாடி ஓடுறவங்களுக்கும் ஒரு வார்த்தை. 12 கூடை, 7 கூடைன்னு மாற்கு 8ல இயேசுவே ஞாபகப்படுத்துறார், அதனால கவனிக்கிறது சரி. ஆனா அவர் கேக்குறது இன்னும் உணரலையான்னுதான், கூட்டிக் கழிச்சு வருஷம் கண்டுபிடிக்கச் சொல்லல.

வீட்டு ஜெபக்கூட்டத்துல பண்றதா இருந்தா எண்ணாகமம் 2ல இஸ்ரவேலர் வனாந்தரத்துல பாளயம் இறங்கின வரிசைய பேப்பர்ல வரைஞ்சு பாருங்க, பிள்ளைங்க ரொம்ப ஆசையா பண்ணுவாங்க. நடுவுல ஆசரிப்புக் கூடாரம், கிழக்கே யூதா இசக்கார் செபுலோன், தெற்கே ரூபன், மேற்கே எப்பிராயீம், வடக்கே தாண், ஒவ்வொரு பக்கமும் மூணு கோத்திரம், லேவியர் இல்லாம யுத்தத்துக்குப் போகத்தக்க ஆண்கள் மட்டும் மொத்தம் 6,03,550 பேர். கிளம்பும்போது யூதா முதல்ல, தாண் கடைசி. கமிட்டி ஆட்கள் இருந்தா அப்போஸ்தலர் 6, அன்றாட பந்தி விசாரணையில (சாப்பாடு பங்கு வைக்கிறதுல) கிரேக்கு பேசுற யூத விதவைகள் விடுபட்டதுக்கு ஏழு பேரைத் தெரிஞ்செடுத்தாங்க, யார் பக்கம் நியாயம்னு பத்து மீட்டிங் போடல.

ஒழுங்கு கெட்டுப்போன இடத்தையும் ஒண்ணு சேர்த்துக்கோங்க. 1 கொரிந்தியர் 11:21, கர்த்தருடைய பந்தியிலேயே ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான், அதாவது குடிச்சு மயங்கிக் கிடக்கான். அதுக்கு பவுல் குடுக்கிற வைத்தியம் 33ம் வசனத்துல இருக்கு, ஒருத்தருக்காக ஒருத்தர் காத்திருங்க. அசனத்துக்கு முந்தின வாரம் வாசிக்க தோதான பகுதி. லேவியராகமம் 25 ஓய்வு வருஷமும் யூபிலியும் (ஐம்பதாம் வருஷ விடுதலை) கடைசிக்கு வச்சுக்கலாம், ஆனா ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் எடுக்காதீங்க, பாதியிலேயே எல்லாரும் தூங்கி சாமியாடிருவாங்க, காலையில காப்பியோட உக்காருங்க.