வயிற்று உப்பசம்: கடைசியாகச் சாப்பிட்டதைப் பழிக்காதீர்கள்

மெதுவாக மென்று சாப்பிடு, பஜ்ஜி போண்டாவைக் குறை என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. அதை விட்டுவிடலாம். சாப்பாட்டு வேளையில் வயிறு உப்புகிறதே என்று புதிதாகக் கவனிக்க ஆரம்பிப்பவர்கள், சொல்லி வைத்ததுபோல் செய்யும் தவறுகள் வேறு.

கடைசியாகச் சாப்பிட்டதே காரணம் என்று முடிவு கட்டுவது

மதியம் 1 மணிக்கு சாம்பார் சாதம். 1.15-க்கு வயிறு கல்லாகிவிடுகிறது. அன்றோடு சாம்பாருக்குத் தடை. அடுத்த வாரம் உருளைக்கிழங்கு, பிறகு முட்டை, தயிர், கடைசியில் “உளுந்து வாயு” என்று இட்லியும் போகும். புளித்த மாவில் உளுந்தின் வாயு சமாச்சாரம் பெரிதும் குறைந்துவிடும், பாவம் இட்லி. சில மாதங்களில் தட்டில் மிஞ்சுவது ரசம் சாதமும் அப்பளமும்தான். புரதம் போய்விட்டது, உப்பசம் அப்படியே இருக்கிறது. கடிகாரத்தைப் பார்த்திருந்தால் இத்தனை பட்டினி தேவைப்பட்டிருக்காது.

பருப்பு, பயறு வகைகளில் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்ற சர்க்கரைகள் உண்டு. அவற்றை உடைக்கும் என்சைம் நம் சிறுகுடலில் சுரப்பதில்லை. பெருங்குடலை எட்டிய பிறகுதான் அங்குள்ள பாக்டீரியாக்கள் அவற்றை நொதிக்க வைக்கும். ஹைட்ரஜனும் கார்பன் டை ஆக்சைடும், சிலருக்கு மீத்தேனும் அப்போதுதான் உண்டாகும். உணவு அவ்வளவு தூரம் போகப் பொதுவாக 4 முதல் 6 மணி நேரம் ஆகும். ஆகவே 1.15 மணி உப்பசத்தைச் சாம்பார் தலையில் கட்ட முடியாது. காலை 8 மணிக்குச் சாப்பிட்ட பூரி சென்னாவை விசாரியுங்கள். போதாக்குறைக்கு, இரைப்பையில் சோறு விழுந்ததும் பெருங்குடல் சுருங்கத் தொடங்கும். அங்கே ஏற்கெனவே சேர்ந்திருந்த வாயு நகர்ந்து, இப்போது சாப்பிட்டதால் வந்ததுபோலக் காட்டும்.

சாப்பிட்ட அரை மணிக்குள் உப்பினால் முதலில் பார்க்க வேண்டியவை: சாப்பாட்டின் அளவு, பேசிக்கொண்டே விழுங்கிய காற்று, சோடா கலந்த பானம், நாலு நாளாகப் போகாத மலம். மலச்சிக்கலைச் சரிசெய்யாமல் உணவை மாற்றிப் பயனில்லை. ஒன்றிரண்டு மணி நேரத்தில் உப்பினால் பாலையும் வெங்காயம், பூண்டையும் சந்தேகிக்கலாம். அதற்கும் மேல் என்றால் பயறு, கொண்டைக்கடலை.

இரண்டு வாரம் ஒரு நோட்டில் மூன்று நேரங்களை மட்டும் எழுதுங்கள்: சாப்பிட்டது, உப்பியது, மலம் கழித்தது. பிறகு ஒரே ஒரு பொருளை இரண்டு வாரம் நிறுத்துங்கள். குறைந்தாலும் அங்கே நிற்காமல், அதையே மீண்டும் கொஞ்சமாகச் சாப்பிட்டுப் பாருங்கள். திரும்ப உப்பினால்தான் அது குற்றவாளி. மீண்டும் சாப்பிட்டுப் பார்க்கும் படியைத்தான் அநேகமாக எல்லாரும் தாண்டிவிடுகிறார்கள்.

வாயுவுக்குப் பூண்டுப் பால்

பூண்டிலும் வெங்காயத்திலும் ஃப்ரக்டான் என்ற ஒரு வகைச் சர்க்கரைச் சத்து இருக்கிறது. அதையும் நம்மால் செரிக்க முடியாது. பாலில் 200 மி.லி.க்குச் சுமார் 10 கிராம் லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை. இவை ஒத்துக்கொள்ளாதவருக்குப் பூண்டுப் பால் மருந்தல்ல, பாக்டீரியாவுக்கு வைக்கும் விருந்து. உருளைக்கிழங்கு மசாலா சாப்பிட்டு உப்பினாலும் பழி கிழங்குக்கே போகிறது, பாதிக்குப் பாதி போட்ட வெங்காயம் தப்பித்துவிடுகிறது.

ஃப்ரக்டான் தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. பூண்டை முழுப் பல்லாக எண்ணெயில் சிவக்க வதக்கி எடுத்துவிட்டு, அந்த எண்ணெயில் தாளித்தால் மணம் வரும், தொல்லை வராது. தட்டிப் போட்டு ரசத்தில் கொதிக்க விட்டால் ஃப்ரக்டான் முழுவதும் ரசத்துக்குள். பால்தான் பிரச்சினை என்று நோட்டு காட்டினால் தயிர், நீர்மோருக்கு மாறிப் பாருங்கள். புளிப்பதில் லாக்டோஸ் ஓரளவு குறைகிறது.

ஊறிய தண்ணீரிலேயே வேகவைப்பது

கொண்டைக்கடலையை 8 முதல் 12 மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் குழைய வேகவையுங்கள். வாயு தரும் சர்க்கரைகளில் ஒரு பங்கு கொட்டிய தண்ணீரோடு போய்விடும். “சத்து போய்விடுமே” என்று அதையே குக்கரில் ஊற்றுவதால்தான் சுண்டல் சதி செய்கிறது. முதல் வாரம் ஒரு கைப்பிடிக்கு மேல் வேண்டாம்.

என்சைம் சிரப்பை நம்பிப் பயறு சாப்பிடுவது

லேபிளைப் படியுங்கள். பெரும்பாலும் டயஸ்டேஸ், பெப்சின் என்றிருக்கும். ஒன்று மாவுச்சத்தை உடைக்கும், மற்றது புரதத்தை. ராஃபினோஸை உடைக்க ஆல்ஃபா காலக்டோசிடேஸ் வேண்டும், அதையும் சாப்பிடும்போதே எடுக்க வேண்டும். சிமெதிகோன் மாத்திரை குமிழிகளை ஒன்றுசேர்க்கும், வாயு உண்டாவதைத் தடுக்காது.

சோடா

வாயு வெளியேறட்டும் என்று சோடா குடித்தால் வரும் ஏப்பம் பெரும்பாலும் சோடாவுடையதே. சமையல் சோடாவைத் தண்ணீரில் கலக்கிக் குடிப்பது இன்னும் மோசம். ஒரு டீஸ்பூனில் சுமார் 1,200 மி.கி. சோடியம், உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்குச் சொல்லும் உச்ச வரம்பே 2,000. இரத்த அழுத்தக்காரர்கள் தொடவே கூடாது.

சர்க்கரை மாத்திரையை மறப்பது

வோக்லிபோஸ், அகார்போஸ் இரண்டும் மாவுச்சத்து செரிப்பதைத் தாமதப்படுத்துபவை. செரிக்காத பகுதி பெருங்குடலுக்குப் போய் வாயுவாகும். மெட்ஃபார்மினும் சிலருக்கு வயிற்றைப் படுத்தும். மாத்திரை ஆரம்பித்த தேதியையும் உப்பசம் தொடங்கிய தேதியையும் ஒப்பிட்டு டாக்டரிடம் சொல்லுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம்.

சாப்பிட்டதும் படுப்பது

படுக்காதீர்கள். 10, 15 நிமிடம் மெதுவாக நடந்தால் வாயு நகரும்.

எல்லாமே வாயு என்று இருந்துவிடுவது

எடை குறைவு, கறுப்பு மலம் அல்லது இரத்தம், விழுங்கச் சிரமம், ஓயாத வாந்தி இருந்தால் நோட்டு எழுதிக்கொண்டிருக்காமல் மருத்துவரைப் பாருங்கள். 50 வயது தாண்டிய பெண்களுக்குப் புதிதாக வந்த உப்பசம் இரண்டு மூன்று வாரம் தினமும் நீடித்தால் சினைப்பையையும் பரிசோதிக்கச் சொல்ல வேண்டும்.

நெஞ்சு அழுத்தம், வியர்வை, தாடைக்கோ கைக்கோ பரவும் வலி என்றால் ஓம வாட்டரைத் தேடாதீர்கள். 108-ஐ அழையுங்கள்.