கொலு முடிந்ததும் பெட்டிக்குள் போகும் புத்தகங்கள்

கறுப்பினக் குழந்தைகளின் வாழ்க்கையையும் பண்பாட்டையும் கொண்டாடும் படப் புத்தகங்கள் வேண்டும் என்று கேட்டு வருகிறவர்கள் இப்போது அதிகம். பள்ளி ஆசிரியர்கள், சனிக்கிழமை கதை நேரத்துக்கு வாசிக்க வரும் தன்னார்வலர்கள், பிள்ளையின் வகுப்புக்குப் புத்தகம் வாங்கித் தர நினைக்கும் நம்மவர்கள் என்று பலரும் வருகிறார்கள். ஆர்வத்தில் குறை சொல்ல எதுவும் இல்லை. புத்தகம் கைக்கு வந்த பிறகு அதை வைத்து அவர்கள் செய்வதைப் பார்த்தால்தான், அமெரிக்காவில் ஒரு பொது நூலகத்தின் குழந்தைகள் பிரிவில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அடித்த கூத்துகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வருகின்றன.

கேலிச்சித்திரம் போல வரைந்த பழைய புத்தகத்தை வாங்காதீர்கள், எழுதியவர் யார் என்று பாருங்கள் என்பதெல்லாம் இங்கே இல்லை. அதை எல்லோரும் சொல்லிவிட்டார்கள். நல்ல புத்தகத்தையே கையில் வைத்துக்கொண்டு செய்யும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

எல்லாவற்றையும் பிப்ரவரி மேசையில் அடுக்குவது

அமெரிக்காவில் பிப்ரவரி கறுப்பின வரலாற்று மாதம். 1926-இல் வரலாற்றாசிரியர் கார்ட்டர் ஜி. வுட்சன் இதை ஒரு வாரக் கொண்டாட்டமாகத் தொடங்கினார். ஆபிரகாம் லிங்கன், அடிமைமுறையை எதிர்த்துப் போராடிய ஃபிரெடரிக் டக்ளஸ் இருவரின் பிறந்தநாளும் வருகிற வாரம் என்பதால் பிப்ரவரியைத் தேர்ந்தெடுத்தார். 1976-இல் வாரம் மாதமானது. மாதத்தின் மேல் எனக்கு ஒரு புகாரும் இல்லை. அந்த மாதத்துக்காக வாசலருகே போடுகிறார்களே ஒரு மேசை, புகாரெல்லாம் அதன் மேல்தான்.

ஜனவரி கடைசியில் புதிதாகச் சேர்ந்த ஒருவர் தள்ளுவண்டியை எடுத்துக்கொண்டு கிளம்புவார். அட்டையில் கறுப்பினக் குழந்தையின் முகம் தெரிந்தால் போதும், அந்தப் புத்தகம் வண்டியில் ஏறிவிடும். 1960-இல் நியூ ஆர்லியன்ஸில் வெள்ளையர் பள்ளிக்குக் காவலர்கள் சூழ நடந்துபோன ரூபி பிரிட்ஜஸின் வாழ்க்கைக் கதை ஏறும், சரி. பனியில் விளையாடும் சிறுவனும் ஏறுவான். பாட்டியோடு பேருந்தில் போகும் பையன், தூங்குவதற்கு முன் தலைமுடியைப் பின்னிக்கொள்ளும் சிறுமி, பல் விழுந்தவள், தம்பி பிறந்ததால் கோபித்துக்கொண்டவன், எல்லோரும் ஏறுவார்கள். முதுகில் ஒரே நிறத்தில் ஒரு ஸ்டிக்கரும் ஒட்டப்படும். மேசை பார்க்க மிக அழகாக இருக்கும், படம் எடுத்துப் போடுவார்கள். மார்ச் முதல் தேதி, கொலு முடிந்த பொம்மைகளைப் போல எல்லாம் உள்ளே போய்விடும். ஸ்டிக்கர் இருப்பதால் கதைப் புத்தகங்களோடு எழுத்தாளர் பெயர் வரிசைக்குத் திரும்பாது, வரலாற்று மூலைக்குத்தான் போகும்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது, யாரும் போட்டுப் பார்ப்பதில்லை. பிப்ரவரிக்கு 28 நாள். இரவல் காலம் மூன்று வாரம். மேசையில் இருக்கும் புத்தகம் அந்த மாதத்தில் ஒரு முறை வெளியே போய்வந்தால் அதிகம். மற்ற பதினொரு மாதமும் நான்கு வயதுக் குழந்தை எட்டிக்கூடப் பார்க்காத மூலையில் அது கிடக்கும்.

ஒரு ஜூலை மாதம் ஓர் அப்பா வந்தார், கறுப்பினத்தவர். முடிவெட்டும் மெஷின் சத்தத்தைக் கேட்டாலே மகன் அலறுகிறான், முடிவெட்டிக்கொள்வதைப் பற்றி உற்சாகமாக ஒரு புத்தகம் இருக்கிறதா என்று கேட்டார். அன்று உதவி மேசையில் உட்கார்ந்திருந்த தன்னார்வலர் தேடிப் பார்த்துவிட்டு, முடி வளர்ந்த கரடி ஒன்றின் கதையைக் கொடுத்து அனுப்பினார். டெரிக் பார்ன்ஸ் எழுதி கோர்டன் சி. ஜேம்ஸ் தைல வண்ணத்தில் வரைந்த ‘க்ரௌன்’ எங்களிடம் இருந்தது. சலூன் நாற்காலியிலிருந்து இறங்கும் பையன் தன்னை ராஜாவாக உணர்வதைத் தவிர அதில் வேறு கதை கிடையாது. 2017-இல் வந்த புத்தகம், மறு வருடமே நியூபெரி, கால்டிகாட் என்ற அமெரிக்காவின் பெரிய குழந்தைகள் புத்தக விருதுகள் இரண்டிலும் கௌரவப் பட்டியலில் இடம்பிடித்தது. அந்த அப்பா நின்ற இடத்திலிருந்து பத்தடியில், லிங்கனுக்கும் மார்ட்டின் லூதர் கிங்குக்கும் நடுவே, ஸ்டிக்கரோடு நின்றுகொண்டிருந்தது. அவர் போய் அரைமணி நேரம் கழித்துத்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. இப்போது நினைத்தாலும் எரிச்சல் வருகிறது.

கரடியோடு இந்தக் கதை முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. நூலகங்களில் அவ்வப்போது புத்தகங்களைக் கழிப்பார்கள், இடம் வேண்டுமே. இரண்டு வருடமாக யாரும் எடுக்காத படப் புத்தகங்களின் பட்டியலைக் கணினி கொடுக்கும். பட்டியலை எடுப்பவருக்கு எண்தான் தெரியும், அந்தப் புத்தகம் எந்த மூலையில் இருந்தது என்று தெரியாது. முதலில் கழிவது இவைதான். பழைய புத்தக விற்பனைப் பெட்டியில், ஒரு கிழிசல்கூட இல்லாமல், பிப்ரவரி ஸ்டிக்கர் மட்டும் பளபளக்க, இவற்றை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அப்புறம் அடுத்த வருடப் பட்ஜெட்டில் இந்த வகைப் புத்தகம் எங்கள் ஊரில் போவதில்லை என்று ஒருவர் சொல்வார். எண்ணை வைத்துத்தான் சொல்கிறார், மறுத்துப் பேச முடியாது. இப்படிப் பல ஊர் நூலகங்கள் வாங்குவதை நிறுத்தினால் பதிப்பகம் மறு அச்சைப் பற்றி யோசிக்காது.

அலமாரிக்கு இவை வந்த பாடு கொஞ்சமல்ல. 1962 முதல் 1964 வரை வெளிவந்த 5,206 குழந்தைகள் புத்தகங்களை ஆராய்ந்து கல்வியாளர் நான்சி லாரிக் 1965-இல் ஒரு கட்டுரை எழுதினார். ஒரு கறுப்பினத்தவராவது தலைகாட்டியவை அவற்றில் 349. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் குழந்தைகள் புத்தக மையம் 1985-இல் எண்ணத் தொடங்கியபோது, அந்த வருடம் வந்த சுமார் 2,500 புத்தகங்களில் கறுப்பின எழுத்தாளர், ஓவியர் பங்களித்தவை 18 மட்டும். இவ்வளவு தூரம் நடந்து வந்த புத்தகத்தை ஒரு ஸ்டிக்கரால் தோற்கடித்து அனுப்புகிறோம்.

எதிர்ப்பக்கத்து உதாரணம் ஒன்று உண்டு. எஸ்ரா ஜாக் கீட்ஸின் ‘த ஸ்னோவி டே’, 1962. சிவப்பு உடுப்பு போட்ட பீட்டர் என்ற சின்னப் பையன் பனியில் விளையாடிவிட்டு வீட்டுக்கு வருகிறான், அவ்வளவுதான். பீட்டர் கறுப்பினச் சிறுவன், ஆனால் அது படத்தில்தான் தெரியும், எழுத்தில் எங்கும் கிடையாது. நியூயார்க் பொது நூலகம் தன் 125-ஆம் ஆண்டையொட்டி 2020-இல் வெளியிட்ட பட்டியலில், அந்த நூலகத்தின் வரலாற்றிலேயே அதிகம் இரவல் போன புத்தகம் இதுதான்: 4,85,583 முறை. கீட்ஸ் வெள்ளையர், யூதர். பையனின் இனத்தைச் சொல்லாமல் விட்டதற்காகவும், அம்மாவை வரைந்த விதத்துக்காகவும் லாரிக் அந்தக் கட்டுரையிலேயே அவரைக் கண்டித்தார். அந்தச் சண்டையில் இரண்டு பக்கமும் நியாயம் உண்டு. எனக்கு இங்கே வேண்டியது வேறு: பனி பெய்த மறுநாள் பனிக் கதை கேட்டு வரும் குழந்தையின் கையில் அது போய்ச் சேர்ந்தது.

ஆகவே புத்தகம் எதைப் பற்றியதோ அந்த இடத்தில் வையுங்கள். பனி பனியோடு, பாட்டி பாட்டியோடு, சலூன் சலூனோடு. பிப்ரவரி மேசை போடுங்கள், தாராளமாகப் போடுங்கள், ஆனால் அதற்கு இரண்டாவது பிரதி வாங்குங்கள். ஸ்டிக்கர் வேண்டவே வேண்டாம். வீட்டிலும் வகுப்பிலும் இதே கதைதான். ஆசிரியர் ஒருவர் தன் பட்டியலைக் காட்டி எப்படி என்று கேட்டால் நான் பிப்ரவரியைப் பார்ப்பதில்லை, அக்டோபரில் என்ன வாசிக்கிறார் என்று பார்ப்பேன்.

கதையை நிறுத்தி நிறுத்திப் பாடம் எடுப்பது

ஃபெய்த் ரிங்கோல்டின் ‘டார் பீச்’ (1991) துணியில் தைத்த ஒரு கதைப் போர்வையிலிருந்து பிறந்த புத்தகம். 1939-இல் நியூயார்க்கில் கறுப்பினத்தவர் அதிகம் வாழ்ந்த ஹார்லெம் பகுதி. வெயில் காலத்து இரவில் குடும்பம் மொட்டை மாடியில் சாப்பிடுகிறது, எட்டு வயது கேஸி வானத்தில் பறக்கிறாள். ஜார்ஜ் வாஷிங்டன் பாலம் தனக்கே சொந்தம் என்கிறாள். அந்தப் பாலத்தில் வேலை செய்த அவள் அப்பாவைத் தொழிற்சங்கம் சேர்த்துக்கொள்ளவில்லை. அந்தச் சங்கக் கட்டடத்தின் மேலும் பறந்து அதை அப்பாவுக்கே கொடுத்துவிடப் போகிறாள். தினமும் ஐஸ்கிரீம் சாப்பிட ஐஸ்கிரீம் ஆலையையும் எடுத்துக்கொள்ளப் போகிறாள்.

புதிதாக வாசிப்பவர்கள் சங்கம் வரும் வரியில் வண்டியை நிறுத்திவிடுவார்கள். இன ஒதுக்கல் பற்றிப் பத்து நிமிடம். கேஸி அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருப்பாள், குழந்தைகள் ஷூ லேஸை அவிழ்க்கத் தொடங்கியிருப்பார்கள். இன்னொரு வகையினர் அந்த வரியைச் சத்தமில்லாமல் தாண்டிப் போவார்கள், அது இதைவிட மோசம். உள்ளபடி வாசியுங்கள். முடித்ததும் ஒரு குழந்தையாவது, ஏன் அப்பாவைச் சேர்க்கவில்லை என்று கேட்கும். அப்போது நேராகப் பதில் சொல்லுங்கள். யாரும் கேட்கவில்லை என்றால் அன்றைக்கு ஐஸ்கிரீம் ஆலையே போதும்.

இதமாக இருக்கட்டும் என்று அடிமைத்தனத்தை இனிப்பாக்குவது

2016 ஜனவரியில் ஸ்காலஸ்டிக் பதிப்பகம் ஒரு படப் புத்தகத்தை வெளியிட்ட சில நாட்களிலேயே திரும்பப் பெற்றது. ஜார்ஜ் வாஷிங்டனின் பிறந்தநாளுக்கு அவருடைய அடிமைச் சமையல்காரர் ஹெர்குலிஸும் மகளும் கேக் செய்யும் கதை. பக்கத்துக்குப் பக்கம் சிரித்த முகங்கள். எழுதியவரும் வரைந்தவரும் வெள்ளையர் அல்லர், பதிப்பாசிரியர் கறுப்பினப் பெண்மணி. ஆகவே யார் செய்தது என்று மட்டும் பார்த்து நிம்மதி அடைய முடியாது. உண்மையான ஹெர்குலிஸ் 1797-இல், அதுவும் வாஷிங்டனின் பிறந்தநாளன்றே, தப்பி ஓடினார். கேக்கைவிட நல்ல கதை அதுதான்.

மகிழ்ச்சியான புத்தகம் வேண்டுமென்றால் மகிழ்ச்சி இருந்த இடத்தில் தேடுங்கள்: சலூன், ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு, ஜாஸ் மேளம், கயிறாட்டம்.

குரலை மாற்றிக் கறுப்பினத்தவர் போலப் பேசி வாசிப்பது

கூடாது.

எதிரே உட்கார்ந்திருக்கும் குழந்தையின் தலைமுடியை உதாரணம் காட்டுவது

இதுவும்.

பக்கத்தைப் பிய்த்துப் பரப்புவது

1998-இல் புரூக்ளின் பள்ளி ஒன்றில் ஒரு வெள்ளை ஆசிரியை, சுருட்டை முடிச் சிறுமியைக் குடும்பமே கூடிப் பாடிக் கொண்டாடும் ‘நாப்பி ஹேர்’ என்ற படப் புத்தகத்தை வாசித்தார். கறுப்பினத்தவர் முடியைக் கேலி செய்யப் பயன்பட்ட சொல்தான் ‘நாப்பி’. எழுதியவர் கறுப்பின எழுத்தாளர் கரோலிவியா ஹெரான். குழந்தைகளுக்குப் பிடித்துப்போனது, பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தார். கறுப்பு வெள்ளை நகலில் அந்தச் சிறுமியையும் தலைப்பையும் மட்டும் பார்த்த பெற்றோர் கொதித்துப்போனார்கள். பெரிய கூட்டம், கூச்சல், மிரட்டல். ஆசிரியை அந்தப் பள்ளியை விட்டே போனார். பல காலம் முடியைக் கேலி செய்தவர்களிடம் பட்ட காயம் அந்தப் பெற்றோருக்கு இருந்தது, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வண்ணமும் பாட்டும் போன பிறகு மிஞ்சிய நகல் அந்தப் புத்தகமே அல்ல. இன்று ஜெராக்ஸுக்குப் பதில் வாட்ஸ்அப். முழுப் புத்தகத்தை வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள்.

ஆப்பிரிக்காவை ஒரே ஊராக நினைப்பது

அனான்ஸி சிலந்தி கானாவின் அகான் மக்கள் கதை, அதை வாசித்துவிட்டு ஹார்லெம் முடிந்தது என்று கணக்கில் எழுதாதீர்கள்.

“எங்கள் வகுப்பில் கறுப்பினக் குழந்தைகளே இல்லையே?”

கரடிகளும் இல்லை.

ஓவியத்தைப் பார்க்காமல் வாங்குவது

கதைச் சுருக்கத்தைப் படித்து இணையத்தில் வாங்கிவிடுகிறோம். கையில் எடுத்து முகங்களைப் பாருங்கள். ஐந்து பேர் இருந்தால் ஐந்து பேருக்கும் ஒரே பழுப்பு அடித்திருக்கிறதா? மாலை வெளிச்சம் விழும்போது தோலின் நிறம் மாறுகிறதா? ஃப்ளாய்ட் கூப்பரின் படங்களை ஒரு முறை பார்த்துவிட்டால் இதற்குக் கண் பழகிவிடும். ஓவிய அட்டை முழுக்கத் தைல வண்ணத்தை மெல்லிசாகப் பூசிவிட்டு, பிசைந்து உருட்டும் ரப்பரால் அழித்து அழித்து வெளிச்சத்தை வரவழைப்பார். ஓக்லஹோமா மாநிலத்தின் டல்சாவில் பிறந்தவர். அங்கே 1921-இல் கறுப்பினக் குடியிருப்பு எரிக்கப்பட்டதைப் பற்றி கரோல் பாஸ்டன் வெதர்ஃபோர்டு எழுதிய புத்தகத்துக்கு அவர் வரைந்த படங்கள் 2021-இல் வந்தன, அதே வருடம் இறந்தார். மறு வருடம் கறுப்பின எழுத்தாளர், ஓவியர்களுக்குத் தரும் கொரெட்டா ஸ்காட் கிங் விருது எழுத்து, ஓவியம் இரண்டுக்கும் அந்தப் புத்தகத்துக்கே போனது.

கதை நேரத்தில் இன்னொரு தொல்லை, ப்ரொஜெக்டர். அடர் நிறங்கள் திரையில் ஒன்றாகக் கலந்து முகமே தெரியாமல் போகும், வெள்ளைப் பின்னணி மட்டும் பளிச்சென்று இருக்கும். வழவழப்பான தாளில் நேர் மேலே டியூப்லைட் இருந்தாலும் இதே கதி. முந்தின நாள் மாலையே விளக்கைப் போட்டு, கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்து ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.