ஓட்டோடு அனுப்பியதால் வந்த சிக்கல்

தேரூர் பக்கம் எங்கள் குளத்தில் கெண்டையோடு நன்னீர் இறாலும் வளர்க்கிறேன். போன அறுவடைக்கு முன் வியாபாரி ஆன்டிபயாட்டிக் பரிசோதனை முடிவு கேட்டார். வீச்சுவலையில் பிடித்த இறால்களை ஐஸ் போட்டு, முழுசாகவே ஒரு ஆய்வகத்துக்கு அனுப்பினேன். எலைசா சோதனையில் செமிகார்பசைடு இருப்பதாக முடிவு வந்தது.

நைட்ரோஃபுரசோன் என்ற தடை செய்யப்பட்ட மருந்து உடலில் சிதைந்த பிறகு மிஞ்சுவது அதுதான். மருந்து சீக்கிரம் மறைந்துவிடும். இந்த மிச்சம் சதையின் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு வாரக்கணக்கில் கிடக்கும். நான் அந்த மருந்தைத் தொட்டதே இல்லை. இரண்டு ராத்திரி தூக்கம் போயிற்று.

தீவனம், வைட்டமின் பொடி என்று எல்லா ரசீதையும் புரட்டினேன். ஒன்றும் சிக்கவில்லை. அப்புறம் மீன்வளம் படிக்கும் அக்கா மகன் கேட்டான்: "மாமா, ஓட்டோடயா அரைச்சாங்க?"

நன்னீர் இறாலின் ஓட்டில் செமிகார்பசைடு இயற்கையாகவே இருக்குமாம். சரி என்று புதிதாகப் பிடித்து, தலையும் ஓடும் ஒரு துணுக்குகூட ஒட்டாமல் உரித்து, சதையை மட்டும் உறையவைத்து அனுப்பினேன். கூடவே அதே தண்ணீரில் வளர்ந்த கெண்டையும். எலைசா முதல்கட்ட வடிகட்டல்தான் என்பதால், உறுதி செய்யும் எல்சி-எம்எஸ் முறையில் பார்க்கச் சொன்னேன். இரண்டிலும் இல்லை என்று வந்தது.

வந்தது குளோராம்பெனிகால் என்ற இன்னொரு தடை செய்யப்பட்ட ஆன்டிபயாட்டிக்காக இருந்தால் ஓட்டைக் காரணம் சொல்ல வழியில்லை. அதனால், எதில் என்ன கலந்திருக்குமோ என்று, லேபிள் இல்லாத எந்தப் பொடியையும் இப்போது குளத்துப் பக்கம் விடுவதில்லை.