வாத்தியத்தைத் தொடும் கடைசி மில்லிமீட்டர்: பழுதுபார்க்கும் கருவிகளைச் சொந்தமாகச் செய்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஃப்ளூட், கிளாரினெட், சாக்சபோன் ஆகியவற்றைப் பழுதுபார்க்கத் தேவையான கருவிகளில் பாதியைக் கையாலேயே செய்துகொள்ளலாம். குரோஷே ஊசி, சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி, மூங்கில் குச்சி, கொஞ்சம் எமரி தாள் இருந்தால் தொடங்கிவிடலாம். தவறு பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் நடக்கிறது: கருவி வாத்தியத்தைத் தொடும் நுனியில். கைப்பிடியை அழகாக இழைத்துவிட்டு நுனியில் பிசிறை விட்டுவிடுகிறோம்.

முதலில் ஃபீலர். துளையை மூடும் மெத்தையான பேட் சுற்றிலும் சமமாக உட்காருகிறதா என்று பார்க்கும் மெல்லிய நாக்கு இது. எழுதும் தாளை வெட்டி ஒட்டுவதுதான் பலரும் செய்யும் முதல் தவறு. அதன் தடிமன் ஏறக்குறைய 0.1 மி.மீ. அதைவிடச் சிறிய இடைவெளியில் காற்று கசிந்தாலும் தாள் இறுகப் பிடித்தது போலவே தோன்றும். சிகரெட் தாள் 0.025 மி.மீ. அளவில் இருக்கும், அதுவே சரி. பழைய ஆடியோ கேசட்டின் நாடா இன்னும் மெல்லியது, கசங்கவும் கசங்காது. அகலம் 3 மி.மீ.க்கு மேல் வேண்டாம். அகலமான நாக்கு பேட்டின் நீண்ட வளைவைப் பிடித்துக்கொள்வதால் நடுவில் உள்ள சிறு கசிவு தெரியாமல் போகும். குச்சியில் ஒட்டும்போது பசை நாக்கின் நீளத்துக்குப் பரவினால் அந்த இடம் தடித்து, வேலைக்கு ஆகாது. முன்பக்கம் 2 செ.மீ.யாவது பசை படாமல் இருக்கட்டும்.

ஃபீலர் சரியாக இருந்தும் அழுத்தத்தில் தவறுகிறவர்கள் உண்டு. கீயை (பேட்டைத் தாங்கும் உலோக நெம்புகோலை) ஓங்கி அழுத்தினால் பேட் நசுங்கி, கசிவு மறைந்துவிடும். வாசிக்கும்போது விரல் தரும் அழுத்தத்தைவிடக் கொஞ்சம் குறைவாகவே அழுத்தி, கடிகாரத்தின் 12, 3, 6, 9 மணி இருக்கும் இடங்களில் நாக்கை வைத்து மெல்ல இழுத்துப் பாருங்கள். கீல் இருக்கும் பக்கம் இறுக்கமாகவும் எதிர்ப்பக்கம் தளர்வாகவும் வந்தால், பேட் தடிமன் அதிகம் அல்லது கீயின் கிண்ணம் சாய்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

சாக்சபோனுக்குள் விட்டு, பேட்டின் ஓரத்தில் ஒளி கசிகிறதா என்று பார்க்கும் கசிவு விளக்கை எல்இடி பட்டையில் செய்யுங்கள். இழை பல்பு சூடாகும். பேட்டை ஒட்டியிருக்கும் அரக்கு இளக அந்தச் சூடே போதும். ஈயப்பற்று வைத்த முனைகளை மூடாமல் விட்டால் பித்தளை உடலில் பட்டு ஷார்ட் ஆகும். பட்டை முழுவதையும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாய்க்குள் போட்டுவிடுவது நல்லது.

கீயைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் ஸ்பிரிங்கை இழுக்கவும் தள்ளவும் உதவும் ஸ்பிரிங் கொக்கிக்கு 2 மி.மீ. ஸ்போக்ஸ் கம்பி அருமையான பொருள். ஒரு முனையில் இழுக்கச் சிறு கொக்கி, மறு முனையில் தள்ள 1 மி.மீ. ஆழப் பள்ளம். வளைக்க வசதி என்று கம்பியைச் சிவக்கக் காய்ச்சாதீர்கள். உறுதி போய், வேலையின் நடுவே வளைந்துவிடும். பள்ளத்தின் ஓரத்தைப் பாலிஷ் செய்யாமல் விடுவது இன்னும் மோசம். நீல எஃகு ஊசி ஸ்பிரிங்கில் ஒரு கீறல் விழுந்தால் துரு அங்கேதான் தொடங்கும், பிறகு ஸ்பிரிங் அங்கேயே ஒடியும்.

ஸ்க்ரூடிரைவர்தான் அதிக சேதம் செய்யும் கருவி. நுனி ஆப்பு போலச் சரிந்திருந்தால், திருகும்போது தானாக மேலே நழுவி ஸ்க்ரூவின் வெட்டைச் சிதைக்கும். நுனியின் இரு பக்கமும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும், வெட்டின் அடிவரை போய் நிறைக்க வேண்டும். அகலம் ஸ்க்ரூ தலையைவிட ஒரு நூலளவு குறைவாக இருக்கட்டும். மிஞ்சினால் போஸ்ட்டை (கீயைத் தாங்கும் சிறு தூணை) சுரண்டும். சாணையில் பிடிக்கும்போது நொடிக்கொரு முறை தண்ணீரில் தோய்த்தெடுங்கள். நுனி அதிகம் சூடாகிவிட்டால் அதன் கடினம் போயிற்று.

சில்வர் ஸ்டீல் என்ற கருவி எஃகில் ஸ்க்ரூடிரைவரைப் புதிதாகச் செய்தால், காந்தம் ஒட்டாத அளவுக்குச் செக்கச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்க்க வேண்டும். வேலை அதோடு முடிந்தது என்று நினைப்பதுதான் பெரிய தவறு. இந்த நிலையில் நுனி கண்ணாடி போல நொறுங்கும், உடைந்த துண்டு ஸ்க்ரூவின் வெட்டுக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். தேய்த்துப் பளபளப்பாக்கி, நுனியை விட்டுத் தண்டின் பக்கம் மெல்லச் சூடேற்றுங்கள். நிறம் நுனியை நோக்கி ஓடிவரும். நுனி ஊதாவிலிருந்து நீலத்துக்கு மாறும்போது, ஏறக்குறைய 290 முதல் 300 டிகிரி செல்சியஸில், தண்ணீரில் விட்டுவிடுங்கள்.

குறட்டில் பல் இருந்தால் அரத்தால் மட்டமாக்கி, 400, பிறகு 1000 எண் எமரி தாளில் தேய்த்த பிறகே கீயைத் தொட வேண்டும். தாடையில் உள்ள ஒவ்வொரு கீறலும் கீயின் குழாயில் அப்படியே பதியும். வாத்தியத்தைச் செருகிப் பிடிக்கும் மரத்தண்டை இறுக்கமாகச் செய்யாதீர்கள். ஃப்ளூட்டின் உள்விட்டம் 19 மி.மீ., எனவே 18 மி.மீ. தண்டில் தூசியில்லாத துணி சுற்றினால் போதும். கிளாரினெட்டின் உள்விட்டம் ஏறக்குறைய 15 மி.மீ. கூம்புத் தண்டை அதற்குள் அடித்து ஏற்றினால் மரம் நாரோடு பிளக்கும்.

ஒலித்துளையின் விளிம்பை மட்டமாக்கும் அரத்தை மட்டும் வீட்டில் முயல வேண்டாம். கை கொஞ்சம் சாய்ந்தாலும் ஒரு பக்கம் அதிகம் தேயும். விளிம்பு உருட்டி மடித்த சாக்சபோனில் மடிப்பே திறந்துகொள்ளும். விளிம்பைச் சோதிக்கும் வட்டத் தகட்டைத் தாராளமாகச் செய்யலாம். தடித்த பித்தளைத் தகட்டை வெட்டி, கண்ணாடிப் பலகை மேல் விரித்த எமரி தாளில் எட்டு வடிவில் தேய்த்து மட்டமாக்குங்கள். துளையின் மேல் அதை வைத்து, உள்ளே விளக்கெரித்து, அறையை இருட்டாக்கினால் பள்ளமான இடத்தில் ஒளிக்கோடு தெரியும்.