டாக்கேரியாவில் முதல் தட்டு: என்ன கேட்பது, எப்படிச் சாப்பிடுவது

ஹூஸ்டனில் ஹில்கிராஃப்ட் பக்கம் மளிகை வாங்கப் போகிற நம்ம ஆட்கள் அங்கேயே ஒரு தோசையோ சாட்டோ சாப்பிட்டுவிட்டு வண்டியைத் திருப்பிவிடுகிறார்கள். இன்னும் நாலைந்து சிக்னல் தாண்டினால் போதும், சின்னச் சின்ன டாக்கேரியாக்கள் வந்துவிடும். டார்ட்டியா என்கிற மெல்லிய ரொட்டியில் கறி வைத்து மடிக்கிற டாக்கோ விற்கும் மெக்சிகோக் கடைகள். ஊரிலிருந்து யார் வந்தாலும் நான் கூட்டிப்போவது அங்கேதான். ஒவ்வொருவருக்கும் வாசலில் நின்று சொல்வதை இங்கே எழுதிவைக்கிறேன்.

முதலில் கடையைப் பாருங்கள். கண்ணாடியில் கறி வகைகளின் பெயர்களை எழுதியிருக்க வேண்டும். உள்ளே டிவியில் ஃபுட்பால் ஓடும். மத்தியான நேரத்தில் பெயிண்ட் கறை படிந்த சட்டையோடு வேலையாட்கள் வரிசையில் நின்றால் யோசிக்கவே வேண்டாம், நீங்களும் போய் நில்லுங்கள். மொறுமொறு ஓட்டுக்குள் கொத்துக்கறியும் துருவிய சீஸும் லெட்யூஸும் வைத்துத் தருவது வேறு ரகம். 1962-இல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய டாக்கோ பெல் ஊரெல்லாம் பரப்பியது அதைத்தான். அதையும் நான் சாப்பிடுவேன், ஆனால் அதற்காக இவ்வளவு தூரம் வர வேண்டியதில்லை.

நம்மவர்கள் திணறுவது கறிப் பெயரில்தான். மாட்டுக்கறி சாப்பிடாதவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: அசாடா, சுவாதெரோ, லெங்குவா எல்லாம் மாடு. லெங்குவா என்றால் நாக்கு. சாப்பிடுகிறவர்களுக்கு அதைவிட மெத்தென்ற கறி கிடையாது. டெக்ஸாஸில் பார்பகோவாவும் பெரும்பாலும் மாட்டுத் தலைக்கறிதான். பஸ்தோர், கார்னிதாஸ் இரண்டும் பன்றி. போயோ கோழி. பிர்ரியா என்று எழுதியிருந்தால் மட்டும் ஒரு கேள்வி கேளுங்கள்: "சீவோ?" ஹலிஸ்கோ மாநிலத்தில் பிர்ரியா ஆட்டுக்கறியில் பிறந்தது, ஆனால் இப்போது பல கடைகளில் மாட்டில் செய்கிறார்கள். வெள்ளாடுதான் என்று தலையாட்டினால் விடாதீர்கள். காய்ந்த மிளகாயும் பட்டையும் கிராம்பும் போட்டு மணிக்கணக்கில் வேகவைத்த கறி. கூடவே ஒரு கிண்ணத்தில் அதன் சாறு வரும். மதுரைக்காரன் நாக்குக்கு அதற்கு மேல் அறிமுகம் தேவைப்படாது.

எனக்கு எப்போதும் முதலில் பஸ்தோர். லெபனானிலிருந்து மெக்சிகோவுக்குக் குடியேறியவர்கள் கொண்டுவந்த ஷவர்மா அடுப்பில், ஆட்டுக்குப் பதில் பன்றி ஏறியதுதான் கதை. அச்சியோத்தே விதையும் மிளகாயும் அரைத்துப் பூசி, அடுக்கி, செங்குத்தாகச் சுழலவிடுவார்கள். உச்சியில் ஒரு துண்டு அன்னாசி. நல்ல கை இருக்கிறவர் கருகிய ஓரத்தை மட்டும் டார்ட்டியா மேல் சீவித் தள்ளிவிட்டு, கத்தி முனையால் அன்னாசியையும் ஒரு சீவு சீவுவார். சுழலும் கம்பி இல்லாத கடைகளில் கல்லில் வதக்கித் தருவார்கள். சுமார்தான், அங்கே கார்னிதாஸ் கேட்பது நல்லது.

டார்ட்டியா சோளமா, மைதாவா என்று கேட்பார்கள். "மாயீஸ்" என்று சொல்லுங்கள், சோளம் வரும். முறையான டார்ட்டியாவுக்கு மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, ஊறவிட்டு, தோலைக் கழுவி அரைப்பார்கள். சூடான கல்லில் படும்போது வருகிற அந்த மண்வாசம் சுண்ணாம்பு கொடுப்பது. சோளத்திலுள்ள நியாசின் சத்து உடம்பில் ஒட்டுவதும் அதனால்தான். சோளத்தை மட்டும் கொண்டுபோய் இந்தப் பக்குவத்தை விட்டுவிட்ட ஐரோப்பாவில், அதையே நம்பி வாழ்ந்த ஏழைகளைப் பெல்லாக்ரா நோய் வாட்டியது. சின்ன டார்ட்டியா இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துத் தருவார்கள். ஒன்றை உருவிப் போட்டுவிடாதீர்கள். கறிச்சாறு மேலதை ஊறவைத்துக் கிழிக்கும்போது தாங்குவது அடியில் இருப்பது.

அப்புறம் "கோன் தோதோ" என்றால் பொடியாக நறுக்கிய வெங்காயமும் கொத்தமல்லியும் தூவுவார்கள். வேறெதுவும் வேண்டாம்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கும் வழி இருக்கிறது, கொஞ்சம் விசாரிக்க வேண்டும். அரைத்த பீன்ஸில் பன்றிக் கொழுப்பு இருக்கலாம், சிவப்புச் சோற்றைக் கோழிச் சாறில் வேகவைத்திருக்கலாம், மைதா டார்ட்டியாவிலும் கொழுப்பு இருக்கலாம். "மன்தேக்கா?" என்று கேட்டால் கொழுப்பு உண்டா இல்லையா என்று சொல்லிவிடுவார்கள். அண்ணி வந்திருந்தபோது நொபாலெஸ் வாங்கிக்கொடுத்தேன். பச்சையாக, வழவழவென்று, லேசான புளிப்போடு இருந்தது.

"என்ன காய் தம்பி இது?"

"சப்பாத்திக்கள்ளி அண்ணி. முள்ளை எடுத்துட்டு வதக்கியிருக்காங்க."

"வேலியில நிக்குமே, அதா?" என்று டார்ட்டியாவைப் பிரித்து ஒருதரம் பார்த்தார். பிறகு மூடிவைத்துச் சாப்பிட்டார். "கல்லு ஒண்ணுதானே?" என்று அடுத்த கேள்வி. ஆமாம், கறிக்கும் இதற்கும் ஒரே கல்தான். அது ஒத்துவராதவர்கள் குடிக்க மட்டும் ஏதாவது வாங்கிக்கொள்ளலாம்.

தட்டு வந்ததும் சால்சாவை, அதாவது அவர்கள் ஊர்க் காரச் சட்னியை, ஊற்றாதீர்கள். முதல் கடி வெறும் கறியும் சோளமுமாக இருக்கட்டும். அப்புறம் எலுமிச்சைத் துண்டைப் பிழியுங்கள். சால்சாவைத் தட்டோரம் ஒரு சொட்டு விட்டு விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு ஊற்றுங்கள், நிறத்தை நம்ப வேண்டாம். சிவப்பைப் பார்த்துப் பயப்படுகிறோம், ஆனால் வெண்ணெய்ப்பழம் அரைத்த மாதிரி கெட்டியாக இருக்கிற பச்சை பல கடைகளில் ஹலப்பேன்யோ மிளகாயையும் எண்ணெயையும் சேர்த்து அடித்தது. ஆவக்காய் சாப்பிட்டு வளர்ந்த ஆட்களே கண் கலங்கியிருக்கிறார்கள். தண்ணியாக, விதையோடு இருக்கும் பச்சை, தொமத்தியோ என்கிற பச்சைத் தக்காளி மாதிரியான காயில் செய்தது. புளிப்பு தூக்கலாக இருக்கும். ஆரஞ்சு நிறமென்றால் ஹபனேரோ மிளகாயாக இருக்கலாம், ஜாக்கிரதை.

முள்கரண்டி தேடாதீர்கள். இரண்டு ஓரத்தையும் விரல்களால் பிடித்து, டாக்கோவைச் சாய்க்காமல் உங்கள் தலையைச் சாய்த்துக் கடியுங்கள். முழங்கை மேஜையில் இருக்கட்டும், முகம் தட்டுக்கு நேராக இருக்கட்டும். சிந்துவது தட்டில் விழும். கடைசியில் அதையும் ஒரு டார்ட்டியாத் துண்டில் வழித்துச் சாப்பிடலாம். நடுவில் பேச்சு வேண்டாம், இரண்டு நிமிஷம் போனால் டார்ட்டியா விறைத்துவிடும். அதனால்தான் ஆறேழை ஒரேயடியாகச் சொல்லாமல் இரண்டிரண்டாக வாங்கச் சொல்கிறேன். நம்மவர்கள் குடும்பத்துக்கே சேர்த்து ஆர்டர் பண்ணிவிட்டு, எல்லாருக்கும் வந்துசேரட்டும் என்று காத்திருப்பார்கள். இங்கே அது ஆகாது. வந்தவர் சாப்பிடட்டும்.

குடிக்க, தமரிந்தோ இருந்தால் வாங்குங்கள். புளியும் சர்க்கரையும் தண்ணீரும்தான். ஏலமும் சுக்கும் போடாத பானகம் மாதிரி இருக்கும். காரம் ஏறிவிட்டால் ஓர்சாத்தா. அரிசியை ஊறவைத்து அரைத்து, பட்டை சேர்த்த பானம், வாயை ஆற்றிவிடும்.

பார்பகோவா சனி ஞாயிறு காலையில்தான் பல கடைகளில் போடுவார்கள், மத்தியானத்துக்குள் தீர்ந்துவிடும். அது வேண்டுமென்றால் மளிகையை அப்புறம் வாங்கிக்கொள்ளுங்கள். சில கடைகளில் கார்டு எடுக்க மாட்டார்கள், கையில் கொஞ்சம் ரொக்கம் இருக்கட்டும். கல்லாப் பக்கத்து ஜாடியில் ஓரிரு டாலர் போட்டுவிட்டு வாருங்கள்.